அறுந்தது எங்கே?

வீட்டு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நின்றுவிட்டால் உடனே போனை எடுக்க வேண்டியதில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

1995 ஆகஸ்ட் 15-ம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட புதிதில், இணைப்பு கிடைக்காமல் போவது யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை. கிடைத்தால்தான் செய்தி. மோடம் கிறீச்சிடும், லைன் பிஸி என்று வரும், மறுபடி டயல் செய்ய வேண்டும். இன்று நிலைமை வேறு. தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் வகுப்பு, வீட்டிலிருந்தே அலுவலக வேலை எல்லாம் தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழையை நம்பியிருக்கின்றன. கடைசித் தேதியன்று இரவு திரையில் அந்தக் குட்டி டைனோசர் வந்து நின்றால் வீடே ஆடிப்போகிறது.

பதற்றத்தில் பலரும் இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். ஒன்று, ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் குண்டூசியை விட்டு அழுத்துவது. மற்றொன்று, செல்போனில் தேடிக் கிடைத்த முதல் 'கஸ்டமர் கேர்' நம்பரைக் கூப்பிடுவது. முதலாவதால் சின்னக் கோளாறு பெரிதாகும். இரண்டாவதால் வங்கிக் கணக்கே காலியாகலாம்.

இணைப்பு என்பது சில கண்ணிகள் கொண்ட சங்கிலி. கம்ப்யூட்டர், ரவுட்டர், இணைப்பு தரும் நிறுவனம், அதற்கப்பால் வெளியுலகம். பெரும்பாலும் ஒரு கண்ணிதான் அறுந்திருக்கும். அது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனைக்குச் செல்போன் போதும். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறக்க வேண்டும். டேட்டாவை அணைக்க மறந்தால் போன் சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும், சோதனை பொய்யாகும். போனில் வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். போனிலும் வராவிட்டால் ரவுட்டரிலோ வெளியிலோ.

அடுத்து விளக்குகள். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இழையை வெட்டியிருக்கலாம். அல்லது அலமாரிக்குப் பின்னால் அது கூர்மையாக மடங்கியிருக்கலாம். மடங்கிய இடத்தில் ஒளி கசிந்துவிடும். இழையைக் கழற்றி நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும். மடிப்பை நீக்கியும் சிவப்பு மாறாவிட்டால் புகார் கொடுப்பதுதான் வழி. "நெட் வரவில்லை" என்பதைவிட "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பு" என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே புரியும்.

விளக்குகள் சரியாக இருந்தால் பெட்டியின் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட வேண்டும். அதுவும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். பல நாட்கள் ஓய்வின்றி ஓடினால் தடுமாறும். குண்டூசித் துளை விவகாரம் வேறு. அதை அழுத்திப் பிடித்தால் நிறுவனத்தின் ஊழியர் பதிந்து வைத்த பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். பிறகு அவரே வந்து சரிசெய்யும்வரை காத்திருக்க நேரலாம்.

கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்றால், விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைத் தட்டலாம். ஐபிவி4 முகவரி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வைஃபையை 'மறக்க'ச் செய்து, பாஸ்வேர்டு கொடுத்து மறுபடி இணைத்தால் பல சமயம் சரியாகிவிடும்.

அடுத்த கட்டளை 'பிங்'. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ஓசைதான் பெயர்க் காரணம். குரல் கொடுத்தால் எதிர்க்குரல் வருகிறதா என்று பார்ப்பதே இதன் வேலை. முதலில் 'டிஃபால்ட் கேட்வே' என்று காட்டும் ரவுட்டர் முகவரிக்கு, பிறகு கூகுளின் 8.8.8.8-க்கு அனுப்ப வேண்டும். ரவுட்டர் பதில் தந்து கூகுள் தராவிட்டால், அறுந்தது வெளியே. இரண்டும் பதில் தந்தும் தளங்கள் திறக்காவிட்டால் கோளாறு டி.என்.எஸ். என்ற விலாசப் புத்தகத்தில். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தருவது அதுதான். நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. இணைப்பு இருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டும். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் காரணம் புரியும். உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்ற நாணய பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. தேதி தவறானால் சான்றிதழும் செல்லாது. தேதியைத் திருத்திவிட்டுப் புது பேட்டரி போட்டால் தொல்லை விட்டது.

கம்ப்யூட்டரிலேயே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைப்பவர்களுக்குப் பிழை எண்கள் உதவும். 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. சந்தா தீர்ந்திருந்தாலும் இதே எண் வரலாம். 651 என்றால் மறுமுனையிலிருந்து பதில் இல்லை. கேபிளைச் சரிபார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் போன். இங்கேதான் உஷார் தேவை. மோசடிக்காரர்கள் போலி உதவி எண்களை இன்டர்நெட்டில் தூவி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் மிக மரியாதையாகப் பேசி, கம்ப்யூட்டரையோ செல்போனையோ தூரத்திலிருந்து இயக்கும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றியபின் திரை அவர்கள் கையில். இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அறுந்த இணைப்பைச் சரிசெய்ய ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. பின் எண்ணோ யாருக்கும் தேவையில்லை. கேட்டால் வைத்துவிட வேண்டியதுதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு.

உண்மையான நம்பர் மாதாந்திர பில்லில் இருக்கிறது. இணைப்பு நன்றாக இருக்கும் இன்றைக்கே அதையும் வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.