ஜிப் கோப்பை எதுக்குய்யா விரிக்கிறீங்க?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. ஒரு ஜிப் கையில கிடைச்சா உள்ளே இருக்கிற அத்தனையையும் ஃபோல்டர்ல கொட்டி, ஒரே ஒரு சிஎஸ்வியை மட்டும் படிச்சுட்டு, மிச்சத்தை அப்படியே போட்டுட்டுப் போறாங்களே, அவங்களுக்காக. எங்க லேப்ல பாதிப் பேர் இந்த ரகம்தான். அப்புறம் சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு அலறல் வேற. ஒரு துண்டு ஊறுகாய்க்கு ஜாடியையே தட்டுல கவுக்கிறதா?

ஜிப் அமைப்பையே பாருங்க. 1989-ல ஃபில் காட்ஸ் பிகேஜிப்போட கொண்டுவந்தது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியா சுருக்கப்பட்டிருக்கும். எது எந்த இடத்துல ஆரம்பிக்குதுங்கிற பட்டியல் கடைசியில இருக்கும். (ஃப்ளாப்பி காலத்து ஆளுங்களுக்குத் தெரியும்: பல ஃப்ளாப்பியில பிரிச்ச ஜிப்பைத் திறக்க, முதல்ல கடைசி ஃப்ளாப்பியைப் போடச் சொல்லும்!) நிரல் நேரா வாலுக்குப் போய்ப் பட்டியலைப் படிச்சு, வேணுங்கிற இடத்துக்குத் தாவி, அந்தக் கோப்பை மட்டும் விரிச்சுக்கும். ஜிப் 2 ஜிபி இருந்தாலும் சரி, உங்களுக்கு வேண்டியது 10 கேபின்னா செலவும் அந்த அளவுக்குத்தான்.

பைதான்ல ஜிப்ஃபைல்னு ஒரு மாட்யூல் கூடவே வருது. அதோட ஓப்பன் மெத்தட் 2008-ல வந்த 2.6-லயே இருக்கு. சாதாரணக் கோப்பு மாதிரி திறந்து வரிவரியா படிக்கலாம். பைட்ஸாத்தான் வரும், எழுத்தா வேணும்னா டெக்ஸ்ட்ஐஓராப்பரைச் சுத்திக்கணும். அவ்வளவுதான், மூணு வரி. ஜாவாக்காரங்க பெருமூச்சு விட வேண்டாம், உங்க ஜார் கோப்பே ஜிப்தான். ஜேவிஎம் கிளாஸ்களை அதுக்குள்ள இருந்தேதான் எடுக்குது.

"டிஸ்க்தான் சல்லிசா கிடைக்குதே"ன்னு ஒரு கோஷ்டி வரும். டிஸ்க்கை விடுங்க. ஜிப்புக்குள்ள கோப்புப் பேர்லயே ரெண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு மேல் ஃபோல்டருக்கு ஏறி, உங்க வேற கோப்பு மேல எழுத வைக்கலாம். 2018-ல ஸ்னைக் நிறுவனம் 'ஜிப் ஸ்லிப்'னு வெளியிட்டப்போ மாட்டின நூலகங்கள் நிறைய. பைதான் இதைத் தடுக்கப் பார்க்குது, எல்லா மொழியும் அப்படி இல்லை. டிஸ்க்ல எழுதவே இல்லைன்னா இந்த வம்பே கிடையாது. ஆனா ஜிப் குண்டுக்கு இது மருந்தில்ல. 42 கேபி-ல இருக்கிற அந்தப் பிரபல 42.ஜிப் முழுக்க விரிஞ்சா சுமார் 4.5 பெட்டாபைட்! தெரியாதவங்க குடுத்த ஜிப்னா அளவு வெச்சுப் படிங்க, மொத்தமா மெமரிக்கு இழுக்காதீங்க.

டார்.ஜீஜிப் வேற கதை. மொத்தத்தையும் ஒரே ஓட்டமா சுருக்கினது, பட்டியலும் கிடையாது. நடுவுல இருக்கிறதை எடுக்க, முன்னாடி இருக்கிறது அத்தனையையும் விரிச்சுக்கிட்டே போகணும். அதுல பத்துத் தடவை தேடறதுக்கு ஒரு தடவை விரிச்சுடறதே மேல். ஜிப்லயும் ஒரே கோப்புக்குள்ள முன்னும் பின்னும் குதிச்சுக்கிட்டே இருந்தா அதே கதிதான், பின்னாடி போகும்போதெல்லாம் முதல்லேர்ந்து விரிக்கும்.

அப்படி விரிச்சே ஆகணும்னா டெம்ப்ஃபைல் மாட்யூல்ல தற்காலிக ஃபோல்டர் ஒண்ணு போட்டு விரிங்க. வித் பிளாக் முடிஞ்சதும் அதுவே துடைச்சுடும். லேப் சர்வர்ல 'புது ஃபோல்டர் 7' வரைக்கும் போக வேண்டாம் :-)