மிதிப்பவருக்கு ஒரு துணை

சாய்ந்து அமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர மிதிவண்டியை ஐரோப்பிய நாடுகளில் காணலாம். ஓட்டுபவர் இருக்கையில் சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பார். மெதுவாகச் சென்றாலும் வண்டி கவிழாது. ஆதலின், நிலைதடுமாறும் முதியோர்க்கும் இஃது ஏற்றது.

ஆயினும், இவ்வண்டிக்கு மேடு பகையாகும். பிற மிதிவண்டிகளில் எழுந்து நின்று, உடலின் எடையை மிதியின்மேல் செலுத்தலாம். இதிலோ அவ்வாறு இயலாது. வண்டியின் எடையும் மிகுதி. இக்குறையைப் போக்கவே மின்கலத்தால் இயங்கும் சிறு பொறியைப் பொருத்துகின்றனர்.

‘பொறி வந்தால் உழைப்புக் கெடும்’ என்பர் சிலர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, மிதிவண்டியாகக் கருதப்படும் வண்டியில் பொறியின் தொடர் ஆற்றல் 250 வாட்டுக்கு மேற்படலாகாது. மிதிக்கும்போது மட்டுமே அது துணைசெய்யும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் அத்துணையும் நின்றுவிடும்.

சமவெளியில் விரைந்து செல்லும் வலியோர்க்கு இப்பொறி வீண்சுமையே. மேட்டுக்கு அஞ்சி வீட்டில் முடங்கிய மூட்டு நோயாளர்க்கோ அது மீண்டும் வழி திறக்கும். ஊன்றுகோல் நடப்பவரைத் தாங்குமேயன்றி, அவருக்காகத் தான் நடப்பதில்லை. மின்பொறியும் அத்தகையதே. தேவையறிந்து துணைகொள்வது இழுக்கன்று. துணை கிடைத்தும் முடங்கிக் கிடப்பதே இழுக்கு.