மாண்டவன் மாண்டவனாகவே இருக்கட்டும்!

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'எக்ஸ்-மென்' படவரிசை இனி எத்திசை செல்லவேண்டும்? 2017-இல் 'லோகன்' படத்தில் வுல்வரின் மாண்டான். மூப்பும் பிணியும் மாவீரனையும் விடா என்ற உண்மை நம் நெஞ்சை உருக்கியது. 2024-இலோ, வேறோர் அண்டத்திலிருந்து இன்னொரு வுல்வரினைக் கொணர்ந்தனர். நடித்தவர் அதே ஹியூ ஜாக்மன்! நூறு கோடி டாலருக்குமேல் குவிந்தது; நாம் சிந்திய கண்ணீர்தான் பொருளிழந்தது.

பிடிக்காத முடிவை அழித்து எழுதினால் அது ஆய்வாகுமா? கதைக்கும் அதே அறந்தான்.

1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் படைத்தது, பிறவியால் வேறுபட்ட இளைஞர்களின் கதை. அதற்குப் பல அண்டங்கள் எதற்கு? ஒரு பள்ளி, உலகம் ஒதுக்கிய மாணவர் சிலர் போதுமே! லோகன் தன் உயிரீந்து காத்த சிறுமி லாரா இருக்கிறாள். இனிக் கதையை அவள் நடத்தட்டும்.