பாண்டியன் சொல்லாத சொல்

இப்பகுதிக்கு வந்து சேரும் சிறுகதைகளிற் பலவற்றில், தலைவியின் வாழ்வு குலைந்ததும் ‘எல்லாம் விதி’ என்றெழுதி ஆசிரியர் முற்றுப்புள்ளி இட்டுவிடுகிறார். இவ்வாறு முடிக்கலாமா என்று நாம் கேட்டால், ‘சிலப்பதிகாரமும் ஊழைத்தானே கூறுகிறது?’ என்ற மறுமொழி வருகிறது. அதனை ஆராய்தல் எமது கடமையாகும்.

ஊழின் வலிமையைக் காட்டுதல் அக்காப்பியத்தின் மூன்று நோக்கங்களுள் ஒன்றென அதன் பதிகமே கூறுகிறது. ஆயினும், கண்ணகியின் இன்பம் குலையும் ஒவ்வொரு படியிலும் மனிதர் ஒருவரின் முடிவு நிற்கக் காண்கிறோம். 1008 கழஞ்சு பொன் விலையுள்ள மாலையை வாங்கி மாதவியின் மனை புகுந்தவன் கோவலன். கடற்கரையில் அவள் பாடிய பாட்டைப் பிழைபடக் கருதிப் பிரிந்தவனும் அவனே. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேளை வணங்கினாற் கணவனைப் பெறலாமென்று தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று என மறுத்தவள் கண்ணகி. அவள் இன்பத்தை வேண்டாதவள் அல்லள். எவ்வழியாலேனும் அதைப் பெற உடன்படாதவள்.

கோவலன் முற்பிறப்பிற் செய்த பழியும், நீலி இட்ட சாபமும் கண்ணகிக்கு எப்போது தெரியவருகின்றன? அவள் மதுரையை எரியூட்டிய பின்னரே, மதுராபதித் தெய்வத்தின் வாயால். அதுவரை அவள் தன் நெஞ்சு காட்டிய வழியிலேயே நடந்தாள்.

பாண்டியனையும் நோக்குவோம். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்தவன், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது கொலைக்கு ஆணையிட்டான். தீவினை பயன் தரும் வேளை அதுவென்று இளங்கோவடிகள் குறிக்கிறார். ஆனால், உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, பாண்டியன் ஊழைத் துணைக்கு அழைக்கவில்லை. தன்னையே கள்வனெனத் தீர்ப்பிட்டு உயிர் நீத்தான். ஊழ் என்பது கவிஞர் கூறும் காரணமாக நிற்க, குற்றத்தைச் செய்தவன் அதனைத் தன்னதாகவே ஏற்றான்.

நம் எழுத்தாளர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. சீதனப் பேரத்தாற் குலைந்த ஒரு பெண்ணின் வாழ்வை விதியென்று எழுதினால், பேரம் பேசியோர் அனைவரும் குற்றமற்றவராய்க் கதையைவிட்டு வெளியேறிவிடுகின்றனர். வாசகனும் ஒரு பெருமூச்சுடன் ஏட்டை மூடிவிடுகிறான்.

விதியை எழுதவேண்டாமென்று நாம் கூறவில்லை. அதனை எழுதுமுன், உங்கள் தலைவி ஒருமுறையேனும் ‘மாட்டேன்’ என்று சொல்ல இடங்கொடுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.