பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழைய கார் ஒன்று சற்றே இருமினால் போதும், உடனே கார்பரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். இது தவறான முறை என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது தீப்பொறியை; கார்பரேட்டரைத் தொடுவது கடைசியில்தான்.

எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான கார் அது. நான்கு சிலிண்டர்கள், தொடக்கத்தில் இரட்டைக் கார்பரேட்டர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரு பாயிண்டுகள் விலகும் நொடியில்தான் பிளக்கில் பொறி பறக்கிறது. அந்த இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர். வண்டி ஓட ஓடப் பாயிண்டின் அடிப்பகுதி தேய்கிறது, இடைவெளி குறுகுகிறது, பொறி தாமதிக்கிறது, வண்டி சோர்ந்து போகிறது. சொந்தக்காரரோ பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி, ஜெட்டைத் திருகுகிறார்! இப்போது கோளாறு இரண்டாகிவிட்டது. புதுக் கார்பரேட்டர் வாங்கிப் பணத்தைத் தொலைப்பவர்களும் உண்டு.

உண்மையில் அந்த எஸ்.யூ. கார்பரேட்டர் எளிதில் கெடும் பொருளன்று. அதை உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்தார் காலணி வணிகர்கள். ஆதியில் அதனுள் இருந்தது தோல் துருத்திதான்! பிறகு அவ்விடத்தில் பிஸ்டன் வந்தது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் குறைகிறது, பிஸ்டன் எழுகிறது. அதனோடு சேர்ந்து, நுனி சிறுத்த ஊசியும் ஜெட்டிலிருந்து எழ, அதற்கேற்பப் பெட்ரோல் வெளிப்படுகிறது. பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் அதே அழுத்த வேறுபாடுதான்! பிஸ்டனின் மேல் தண்டில் சிறிது எண்ணெய் வேண்டும். அது வற்றினால், ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி திக்கும்.

பொறியைச் சரிசெய்தபின், ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து, இரு கார்பரேட்டர்களும் ஒரே சீராகக் காற்றை இழுக்கின்றனவா என்று கேட்கலாம். பிறகு ஒரு பிஸ்டனை மயிரிழை உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடி, அப்படியே நீடித்தால் பெட்ரோல் மிகுதி. உடனே தளர்ந்தால் குறைவு. சற்றே கூடித் தணிந்தால் சரி. திராட்டில் தண்டு தேய்ந்து காற்று புகுந்தால் மட்டும் எந்தத் திருகலும் பலிக்காது. அப்போது கார்பரேட்டரே குற்றவாளி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"பாயிண்டையே எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் கருவி பொருத்தலாமே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். தாராளமாகப் பொருத்தட்டும், தேய்மானம் இல்லை. ஆனால் நடுவழியில் அது செத்தால் சாலையோரத்தில் பழுதுபார்க்க இயலாது. அப்படியொரு கார் என்னிடம் இருந்தால், அந்தக் கருவியைப் பொருத்திய பிறகும், பழைய பாயிண்டுகளையும் கண்டென்சரையும் ஒரு திருப்புளியையும் டிக்கியில் போட்டு வைத்திருப்பேன்.