தவணை குறித்த விரதம்

தமது தேகத்தையே பரிசோதனைச் சாலையாக்கிக்கொண்டு அதன் பலாபலன்களை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தவர் காந்தியடிகள். அவருடைய சுயசரிதையில் வரும் இரண்டு விரதங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது, ஆரோக்கியத்தை முன்னிட்டோ தர்மத்தை முன்னிட்டோ நாவின் சுகங்களைத் துறக்க எண்ணுவோருக்கு மிகவும் பிரயோஜனமானது.

முதலாவது தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. சத்திர சிகிச்சைக்குப் பின்னும் உதிரப்போக்கால் வருந்திய கஸ்தூரிபாயிடம், உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி அவர் பலவாறு மன்றாட, சலித்துப்போன அம்மையார், யாரேனும் சொன்னால் உங்களாலேயே இவற்றை விடமுடியுமா என்று கேட்டுவிட்டார். கேட்ட மாத்திரத்தில், நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஓராண்டுக்கு இரண்டையும் விட்டேன் என்று கணவர் பிரதிக்ஞை செய்துவிட, அம்மையார் அழுது வேண்டியும் அது மாறவில்லை. அன்பின் பெயரால் நடந்த பலாத்காரம் இது என்று வாசகர் முகஞ்சுளித்தால் நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அம்மையார் தேறினார். ஓராண்டு முடிந்ததும் உப்பைத் தேடி ஓடவேண்டிய கணவரோ, இந்தியா திரும்பி வெகுகாலம் வரையில் அந்தப் பத்தியத்தைத் தாமாகவே தொடர்ந்தார்.

இரண்டாவது, 1912ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் மேற்கொண்ட பால் துறவு. பால் புலனடக்கத்துக்கு இடையூறு என்ற எண்ணமும், கல்கத்தாவில் மாடுகள் படும் வதையைப் பற்றிப் படித்ததும் அதற்குக் காரணங்கள். இதற்குத் தவணை இல்லை. 1918இல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது பிடித்த சீதபேதி அவரை எலும்பும் தோலுமாக்க, பால் அருந்தாமல் உடம்பு தேறாது என்று பம்பாய் டாக்டர் தலால் சொல்ல, அருகில் நின்ற கஸ்தூரிபாய், ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்றார். பசுவையும் எருமையையும் மட்டுமே நினைத்துச் செய்த சபதம் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு அவர் அருந்தினார். எழுத்தைக் காத்து உயிரைக் கைவிட்டோமே என்ற வேதனையைப் பின்னர் தாமே பதிவும் செய்தார்.

சத்தியத்தையே உபாசித்தவரைக்கூட உபாயம் தேடவைத்தது, எல்லையில்லாத அந்தச் சங்கல்பம். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர் போலும். ஏகாதசி உபவாசத்துக்குத் துவாதசிப் பாரணை உண்டு. ஐயப்பன் மாலைக்கு 41 நாட்களும் அதைக் கழற்றும் முறையும் உண்டு. சித்த வைத்தியரும் மருந்துண்ணும் நாட்களையும் மறுபத்திய நாட்களையும் எண்ணியே சொல்வார்.

மாலையைக் கழற்றிய மறுநாளே மதுக்கடையில் நிற்பவனைக் காட்டிச் சிலர் நகைப்பது நியாயமே. மதுவும் புகையிலையும் வேறு சாதி; அவற்றைத் தவணை பேசாமல் விடுவதே முறை. நான் பேசுவது சோறு, உப்பு, சர்க்கரை போன்றவற்றை. நீரிழிவுக்காரரிடம் இனி ஆயுள் முழுவதும் இனிப்பைத் தொடாதே என்றால், அன்று மாலையே அவர் கல்யாண வீட்டுக்கு ஒரு விதிவிலக்குத் தயாரித்துவிடுவார். அடுத்த இரத்தப் பரிசோதனை வரைக்கும் என்று டாக்டர்கள் சொல்லிப் பார்க்கட்டும்; சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தவணையை நீட்டிக்கொள்ளலாம்.