உப்பு வேண்டாம், ஈரச் சாக்கு போதும்

மழைக்காலம் வந்துவிட்டால் ஓடில்லாத நத்தைகள் கீரைப் பாத்தியில் புகுந்து, ஒரே இரவில் தளிர்களைத் தின்று தீர்த்துவிடுகின்றன. உடனே உப்பைத் தூவாதீர்கள். நத்தை சாகும், கூடவே மண்ணும் கெட்டுச் செடியும் கருகும். பலரும் சொல்லும் முட்டை ஓட்டிலும் எனக்கு நம்பிக்கையில்லை. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அதனால் பயன் தெரியவில்லை.

மாலையில் நனைத்த சாக்கைப் பாத்தியோரம் விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலைகளை வையுங்கள். விடியற்காலையில் புரட்டினால் நத்தைகள் ஒட்டியிருக்கும். குச்சியால் தள்ளிச் சோப்பு நீரில் போடுங்கள். குழந்தைகளை வெறுங்கையால் தொட விடாதீர்கள். மூளையைத் தாக்கும் நுண்புழு நத்தைகளில் இருக்கக்கூடும். கீரையையும் இலை இலையாகக் கழுவுங்கள். மழையில்லாத நாட்களில் காலையிலேயே நீர் ஊற்றுங்கள். இரவில் மண் ஈரமாயிருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம்தான்.